விமானம் ஏறும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்: ஓடிபி எங்கே வரும்?

கனகம்மாசத்திரம் நிறுத்தத்தில் பத்து நிமிஷம் நின்றால் போதும், திருப்பதி போகிற வண்டியும் திருத்தணி போகிற வண்டியும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். சென்னை – திருப்பதி தேசிய நெடுஞ்சாலையில், பெயரிலேயே சத்திரத்தை வைத்திருக்கிற ஊர். அந்தக் காலத்தில் வழிப்போக்கர்கள் இங்கே இறங்கினார்கள். இப்போது ஊர்க்காரர்களே பெட்டி கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். பிள்ளைகள் வேலைக்காக வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறார்கள். மகளுக்குப் பிரசவம், பேரனுக்குக் காதுகுத்து என்று பெற்றோர்கள் அமெரிக்கா வரை போய் வருகிறார்கள்.

அப்படித்தான் என் அத்தையும் போன வருஷம் மகளின் பிரசவத்துக்காக ஐந்து மாதம் அமெரிக்கா போனார். பெட்டியில் பிரசவ லேகியம், பருப்புப் பொடி, வடகம் என்று எதையும் விடவில்லை. எடை பார்த்து, இரண்டு முறை பிரித்துக் கட்டினார். செல்போனுக்கு 28 நாள் பேக் ஒன்றைப் போட்டுவிட்டார். அவ்வளவுதான் செல்போன் ஏற்பாடு.

நாலாவது வாரம் பேக் முடிந்தது. யாருக்கும் தெரியவில்லை. மகள் வீட்டு வைஃபையில் வாட்ஸ்அப் அழைப்பு நன்றாக வேலை செய்ததால் போன் உயிரோடு இருப்பதாகவே எல்லோரும் நினைத்துக்கொண்டோம். மூன்றாவது மாதம் மாமா படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மருத்துவமனையில் முன்பணம் கேட்டார்கள். சேமிப்பு முழுக்க அத்தை பேரில் இருந்த கணக்கில். அத்தைக்கு நெட் பேங்கிங் தெரியும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சரியாகவே போட்டார். அடுத்த திரையில், 'உங்கள் செல்பேசிக்கு ஓடிபி அனுப்பியுள்ளோம்' என்று வந்தது. ஓடிபி வரவில்லை.

இங்கிருந்து என் தம்பி இரண்டு நிமிஷத்தில் ரீசார்ஜ் செய்தான். அப்போதும் வரவில்லை, சர்வதேச ரோமிங் வசதியே அந்த எண்ணில் திறக்கப்படவில்லை. அதைத் திறக்க நிறுவனத்தின் செயலிக்குள் நுழைய வேண்டும். நுழைய ஓடிபி வேண்டும். அது அதே எண்ணுக்குத்தான் போகும். சரி, மின்னஞ்சலுக்கு மாற்றலாம் என்றால் அதன் கடவுச்சொல் மறந்துபோயிருந்தது. மீட்கும் குறியீடும் அதே எண்ணுக்கு! சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டிய கதை. கடைசியில் பக்கத்து வீட்டார் கொடுத்த பணத்தில்தான் மாமாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அத்தை கணக்கைத் திறந்தது ஊர் திரும்பி, வங்கிக் கிளைக்கு நேரில் போன பிறகு.

அத்தை கவனக்குறைவானவர் இல்லை. ஓடிபியை யாரிடமும் சொல்லக் கூடாது என்று நமக்கு நிறையச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஓடிபி நம்மிடமே வராமல் போனால் என்ன செய்வது என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போதே படித்துவிட்டால் நல்லது. கடைசி நாளில் செய்தால் சில வேலைகள் எதிராகத் திரும்பிவிடும். அதற்கான காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

முதல் வேலை: உங்கள் கணக்கு உண்மையில் யாருடையது?

கேள்வி விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் நம் ஊர்களில் இதுதான் பெரிய சிக்கல். பாஸ்போர்ட் விண்ணப்பம், பிஎஃப் கணக்கு, வருமான வரிக் கணக்கு, கல்லூரி உதவித்தொகை என்று பலவற்றையும் பிரவுசிங் சென்டரில்தான் போட்டிருப்போம். "உங்ககிட்ட மெயில் ஐடி இருக்கா?" என்று கேட்பார், இல்லை என்போம். அவரே ஒன்றை உருவாக்கி, அவருக்கு ஞாபகம் இருக்கும்படி ஒரு கடவுச்சொல்லும் போட்டுவிடுவார். சில நேரம் செல்பேசி எண்ணே அவருடையதாக இருக்கும். அவர் மேல் குற்றம் சொல்வதற்கில்லை. வரிசையில் இருபது பேர் காத்திருக்க, வேலை முடிய வேண்டுமே. ஆனால் அந்தக் கணக்கின் சாவி இன்றைக்கும் அவரிடம்தான் இருக்கிறது. கடை கைமாறியிருந்தால் யாரிடம் இருக்கிறது என்பதே தெரியாது.

அதனால் ஒரு நோட்டை எடுத்து உட்காருங்கள். வங்கி, ஆதார், மின்னஞ்சல், டிஜிலாக்கர், பிஎஃப், வருமான வரி, காப்பீடு, பாஸ்போர்ட் சேவா என்று உங்களுக்கு உள்ள ஒவ்வொரு கணக்குக்கும் எதிரில் இரண்டே விஷயம் எழுதுங்கள்: எந்தச் செல்பேசி எண், எந்த மின்னஞ்சல். கடவுச்சொல்லை அதில் எழுத வேண்டாம். எழுதும்போதே தெரிந்துவிடும், எதில் மகனின் பழைய எண் இருக்கிறது, எதில் சென்டர்காரரின் மெயில் இருக்கிறது என்று. அவற்றை இப்போதே மாற்றுங்கள்.

ஆதாரில் எந்த எண் இருக்கிறது என்று சந்தேகமா? 'மை ஆதார்' இணையதளத்தில் செல்பேசி, மின்னஞ்சலைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. உங்கள் எண்ணைக் கொடுத்தால் அது பதிவில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று சொல்லிவிடும். பொருந்தவில்லை என்றால் ஆதார் சேர்க்கை மையத்துக்கு நேரில் போய்ப் புதுப்பிப்பதுதான் நம் பக்கத்தில் பழகிய வழி. வெளிநாட்டு எண்ணுக்கு ஆதார் குறுஞ்செய்தி வராது என்பதையும் மனதில் வையுங்கள். துபாய் எண்ணையோ சிங்கப்பூர் எண்ணையோ நம்பி இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது.

மின்னஞ்சலுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். மற்றக் கணக்குகள் எல்லாம் கடவுச்சொல் மறந்தால் வந்து நிற்கிற வாசல் அதுதான். அதற்கு ஒரு மீட்பு மின்னஞ்சலும், குடும்பத்தில் நம்பிக்கையான இன்னொருவரின் எண்ணை மீட்பு எண்ணாகவும் சேர்த்து வைத்தால், ஒரு சிம் செத்தாலும் வாசல் மூடாது.

சிம்: எண் உயிரோடு இருப்பது வேறு, வேலை செய்வது வேறு

பலருக்கும் குழப்பம் இங்கேதான். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2013-இல் கொண்டுவந்த விதிப்படி, 90 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தாமல் இருந்ததற்காக ப்ரீபெய்டு இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. 90 நாள் தாண்டினாலும் கணக்கில் 20 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு எண்ணை நீட்டித்து வைக்கும் ஏற்பாடும் உண்டு. போஸ்ட்பெய்டு வைத்திருப்பவர்களுக்கு எண்ணைப் பாதுகாப்பில் வைக்கும் திட்டம் இருக்கிறது.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் இந்த விதிகள் எல்லாம் எண் வேறு ஒருவருக்குப் போகாமல் காப்பாற்றுபவை. பேக் முடிந்த பிறகும் உங்களுக்குக் குறுஞ்செய்தி வந்துகொண்டே இருக்கும் என்று இவை சொல்லவில்லை. அத்தையின் எண் கடைசி வரை அவருடையதாகவே இருந்தது. ஓடிபிதான் வரவில்லை.

எண் முழுதாகத் துண்டிக்கப்பட்டுவிட்டால் ஆபத்து வேறு மாதிரி. துண்டித்த எண்ணை 90 நாள் கழித்துப் புதியவர் ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். உங்கள் வங்கிக் கணக்கில் பழைய எண் அப்படியே இருந்தால், உங்கள் ஓடிபி முகம் தெரியாத ஒருவரின் போனில் 'டிங்' என்று வந்து விழும்.

எனவே, பயணக் காலம் முழுவதையும் மூடுகிற பேக்காகப் போட்டுவிடுங்கள். இணைய டேட்டாவே வேண்டாம் என்பவர்களுக்காக, அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள பேக்குகளைத் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. சிறப்பு ரீசார்ஜ் கூப்பன்களின் உச்சக் காலத்தையும் 90 நாளிலிருந்து 365 நாளாக உயர்த்தியது. வெளிநாட்டில் ஓடிபிக்காக மட்டும் சிம்மை வைத்திருப்பவருக்கு இது தோதான பேக். கடையில் முதலில் இதைக் காட்ட மாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

அடுத்து ரோமிங். திருத்தணி தாண்டி நகரிப் பக்கம் போனால் நம்ம போன் தானாகவே ஆந்திர டவரைப் பிடித்துக்கொள்ளும். நமக்குத் தெரிவதுகூட இல்லை. அந்தப் பழக்கத்தில், வெளிநாட்டிலும் அப்படியே நடக்கும் என்று நினைத்துவிடுகிறோம். நடக்காது. அங்கே உங்கள் நிறுவனத்துக்கு அந்த நாட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருக்க வேண்டும். உங்கள் எண்ணில் சர்வதேச ரோமிங் திறந்திருக்க வேண்டும். இதை ஊரில் இருக்கும்போதே திறந்து, 'போகிற நாட்டில் உள்வரும் குறுஞ்செய்திக்குக் கட்டணம் உண்டா, அதற்குத் தனி பேக் போட வேண்டுமா' என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவாக உள்வரும் குறுஞ்செய்திக்குக் கட்டணம் இருக்காது. அழைப்பை எடுத்தால் கட்டணம் உண்டு. டேட்டா ரோமிங்கை அணைக்காமல் விட்டால் பில் எகிறிவிடும். அமைப்புகளில் போய் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிட்டு சிம்மை போனிலேயே விட்டுவிடுங்கள்.

இரண்டு சிம் போடும் போன் என்றால் இந்திய சிம் ஒரு பக்கம், போன நாட்டு சிம் இன்னொரு பக்கம். ஒரே இடம்தான் இருக்கிறது, ஆனால் போன் இ-சிம்மை ஏற்கும் என்றால் இந்திய எண்ணை இ-சிம்மாக மாற்றிக்கொள்ளலாம். சின்ன அட்டையை விமானத்தில் தொலைக்கிற கவலையும் இல்லை.

கடைசி நாளில் செய்யக் கூடாது என்று மேலே சொன்னது இதைத்தான். சிம்மை மாற்றினாலோ, இ-சிம்முக்கு மாறினாலோ, மோசடியைத் தடுப்பதற்காக முதல் 24 மணி நேரம் அந்த எண்ணில் குறுஞ்செய்தி வருவதும் போவதும் நிறுத்தி வைக்கப்படும். விமான நிலையம் போகிற வழியில் சிம் மாற்றினால், நீங்கள் அங்கே இறங்குகிற நேரத்தில் ஓடிபி இல்லாமல் நிற்பீர்கள். தொலைந்துபோனதாலோ பழுதானதாலோ சிம்மை மாற்றியிருந்தால் வேறு நிறுவனத்துக்கு மாற ஏழு நாள் காத்திருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அந்த விதி. 'நல்ல ஆஃபர் இருக்கு' என்று பயணத்துக்கு முந்தின வாரம் நிறுவனம் மாறுவது தேவையில்லாத வேலை.

டவரே இல்லாமல் வரும் குறியீடு

ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணி மலையடிவாரத்தில் நின்று யாருக்காவது பணம் அனுப்பிப் பார்த்திருக்கிறீர்களா? காவடிக் கூட்டத்தில் ஓடிபி எப்போது வரும் என்று முருகனுக்குத்தான் தெரியும். குறுஞ்செய்தி என்பது டவரையும் கூட்டத்தையும் நடுவில் இருக்கிற பல நிறுவனங்களையும் தாண்டி வர வேண்டிய சரக்கு. வெளிநாட்டில் அது இன்னும் நீண்ட பாதை. சில நேரம் ஓடிபியின் ஆயுள் முடிந்த பிறகு வந்து சேரும்.

ஆதென்டிகேட்டர் செயலி இந்தத் தொல்லையை அடியோடு தவிர்க்கிறது. இதில் எண் எங்கிருந்தும் வருவதில்லை. உங்கள் போனே அதைக் கணக்குப் போட்டு உருவாக்குகிறது. முதன்முறை கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யும்போது ஒரு ரகசியச் சாவி உங்கள் போனிலும் அந்த நிறுவனத்தின் சர்வரிலும் பதிவாகிறது. பிறகு அந்தச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்து இரண்டு பக்கமும் தனித்தனியே ஒரே கணக்கைப் போடுகின்றன. 30 விநாடிக்கு ஒருமுறை புது ஆறு இலக்க எண். இரண்டு பக்கமும் ஒரே விடை வந்தால் கதவு திறக்கும். சிம் வேண்டாம், டவர் வேண்டாம், போனில் இணையம்கூட வேண்டாம்.

நேரத்தை வைத்துக் கணக்குப் போடுவதால் ஒரு பொறி இருக்கிறது. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். இறங்கியதும் சிலர் கடிகாரத்தைக் கையால் திருப்புவார்கள், சுவர்க் கடிகாரத்தைத் திருப்புவது போல. அப்படிச் செய்தால் போன் உலகப் பொது நேரத்தையே தவறாகப் புரிந்துகொள்ளும். செயலி காட்டுகிற எண் எதுவும் ஏற்கப்படாது. நேரத்தையும் நேர மண்டலத்தையும் 'தானியங்கி' என்று வைத்துவிடுங்கள். போன் தானே பார்த்துக்கொள்ளும்.

கூகுள், மைக்ரோசாஃப்ட், பேஸ்புக், இன்ஸ்டாகிராம் கணக்குகளில் எல்லாம் இருபடிச் சரிபார்ப்புப் பகுதியில் இந்த வசதி இருக்கிறது. ஸ்கேன் செய்யும் அந்த நிமிஷத்தில், அதே கியூஆரை வீட்டிலுள்ள இன்னொரு போனிலும் ஸ்கேன் செய்துகொள்ளலாம். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும். ஒரு போன் தொலைந்தால் மற்றது இருக்கும். கூகுள் ஆதென்டிகேட்டர் 2023 ஏப்ரலிலிருந்து உங்கள் சாவிகளைக் கூகுள் கணக்கிலேயே சேமித்துவைக்கவும் செய்கிறது. வசதிதான். ஆனால் அந்தக் கூகுள் கணக்குக்குள் நுழையவே அதே செயலியை நம்பியிருந்தால், மறுபடியும் பெட்டிக்குள் சாவி.

அதை உடைக்கத்தான் காப்புக் குறியீடுகள். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் கேட்டால் பத்து எட்டு இலக்க எண்களைக் கொடுக்கும். ஒவ்வொன்றும் ஒரே முறை செல்லும். போனும் சிம்மும் இரண்டுமே போய்விட்டாலும், கடவுச்சொல்லோடு இதில் ஒன்றைப் போட்டு எந்தக் கணினியிலிருந்தும் உள்ளே போகலாம். புதிதாகப் பத்து எடுத்தால் பழைய பத்தும் செல்லாது என்பதால், பழைய சீட்டைக் கிழித்துவிடுங்கள். இந்த எண்களை போனில் புகைப்படமாக வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. போன் தொலையும் நாளுக்கான ஏற்பாட்டைப் போனுக்குள்ளேயே வைத்து என்ன பயன்? காகிதத்தில் எழுதி பாஸ்போர்ட் உறைக்குள் ஒன்று, ஊரில் நம்பிக்கையானவரிடம் மூடிய கவரில் ஒன்று. பக்கத்தில் எந்தக் கணக்கு, என்ன கடவுச்சொல் என்று எழுதாமல் இருந்தால், வெறும் எண்ணைக் கண்டெடுப்பவருக்கு அதனால் பயனில்லை.

கடவுச்சாவி என்று இப்போது பல கணக்குகளில் கேட்கிறதே, அதையும் தயங்காமல் வையுங்கள். விரல்ரேகையாலோ முகத்தாலோ போனின் பூட்டைத் திறப்பது போலவே கணக்கைத் திறக்கும் முறை இது. உண்மையான இணையதளத்துக்கு மட்டுமே அது பதில் சொல்லும். அச்சு அசலாக வங்கிப் பக்கம் போலவே செய்த போலிப் பக்கத்தில் நாம் ஏமாறலாம். கடவுச்சாவி அந்தப் பக்கத்துக்குத் தன்னைக் கொடுக்காது.

வாட்ஸ்அப்பில் ஆறு இலக்க பின் வைத்து, அதில் ஒரு மின்னஞ்சலையும் சேர்த்துவிடுங்கள். புது நாட்டு சிம் போட்டதும் 'எண்ணை மாற்றவா' என்று கேட்டால், குறுகிய காலப் பயணம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பதிவு செய்த சிம் போனில் இருந்தால்தான் மெசேஜிங் செயலிகள் இயங்க வேண்டும் என்று மத்திய தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பரில் அந்த நிறுவனங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. இந்திய சிம்மைக் கழற்றி எறியாமல் இருக்க அதுவும் ஒரு காரணம்.

பணம் சம்பந்தப்பட்ட இடங்கள்

யுபிஐ செயலியில் கணக்கைப் பதியும்போது உங்கள் போனிலிருந்து ஒரு குறுஞ்செய்தி தானாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த சிம் அந்த போனில்தான் இருக்கிறது என்பதற்கான சாட்சி அது. அதனால் வெளிநாட்டில் போனை மாற்றினால் மறுபடியும் அந்தச் சாட்சி தேவைப்படும். இந்திய சிம்மிலிருந்து ரோமிங்கில் குறுஞ்செய்தி போக வேண்டும். புது போன் வாங்கும் எண்ணம் இருந்தால் கிளம்புவதற்கு முன்னால் வாங்கி, எல்லாவற்றையும் அதில் பதிந்துகொண்டு போங்கள். துபாயில் விலை குறைவு என்று அங்கே வாங்குகிறவர்கள், பழைய போனை அழிக்காமல் கையோடு கொண்டுவாருங்கள்.

வேலைக்காகப் போய் அங்கேயே தங்குகிறவர்களின் நிலை வேறு. வெளிநாடு வாழ் இந்தியராக ஆனதும், சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும் என்பது அந்நியச் செலாவணிச் சட்டத்தின் விதி. இதைப் பலர் வருஷக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். மாற்றினால் ஒரு லாபமும் இருக்கிறது: என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளில் வெளிநாட்டு எண்ணைப் பல வங்கிகள் ஏற்கின்றன. சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், சவுதி அரேபியா, ஓமன், கத்தார், அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட 10 நாட்டு எண்களில் யுபிஐ வசதி தர 2023 ஜனவரியில் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் அனுமதித்தது. உங்கள் வங்கி அதைச் செய்கிறதா என்று கிளையில் கேளுங்கள்.

கிளைக்குப் போகும்போது இன்னும் மூன்று கேள்விகளைக் கையோடு எடுத்துப் போங்கள். ஓடிபியை மின்னஞ்சலுக்கும் அனுப்புவீர்களா? குறுஞ்செய்திக்குப் பதில் வங்கிச் செயலியிலேயே அனுமதி கொடுக்கும் முறை இருக்கிறதா? (ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் விதிமுறைகளில், குறுஞ்செய்தி ஓடிபி தவிர்த்த வழிகளுக்கும் இடம் இருக்கிறது.) என் டெபிட் கார்டு வெளிநாட்டில் வேலை செய்யுமா? கடைசிக் கேள்வி முக்கியம். 2020 முதல் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைத்தே கொடுக்கப்படுகிறது. நீங்கள் செயலியிலோ ஏடிஎம்மிலோ திறந்தால்தான் உண்டு. திறக்கும்போது ஒரு வரம்பும் வையுங்கள். வெளிநாட்டு இணையதளங்கள் பலவற்றில் கார்டு எண்ணைப் போட்டாலே ஓடிபி கேட்காமல் பணம் போய்விடும். அங்கே உங்களுக்குக் காவல் அந்த வரம்புதான்.

சிம்மை வீட்டிலேயே விட்டுப் போகலாமா?

இதைப் பலரும் செய்கிறார்கள். பழைய பட்டன் போனில் சிம்மைப் போட்டு மகனிடமோ மருமகளிடமோ கொடுத்துவிட்டு, "ஓடிபி வந்தா படிச்சு சொல்லு" என்று போய்விடுவார்கள். பாடப் புத்தகப்படி இது தவறு. நடைமுறையில், ரோமிங் கிடைக்காதவருக்கும் ரீசார்ஜை மறந்துவிடுகிறவருக்கும் இதுவே கைகொடுக்கிறது என்பதையும் மறுக்க முடியாது.

ஆனால் நஷ்டத்தைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். சிம் போனில் இல்லாவிட்டால் யுபிஐயும் சில வங்கிச் செயலிகளும் நின்றுவிடும். அதைவிட மோசம், போனில் ஓடிபி படித்துச் சொல்வது வீட்டில் ஒரு பழக்கமாகிவிடும். ஒருநாள் அம்மாவின் குரலில் யாரோ, அல்லது 'அம்மாவின் வங்கியிலிருந்து' யாரோ கேட்டாலும் அந்தப் பிள்ளை படித்துவிடும். எனவே ஒரு கட்டுப்பாடு: வீடியோ அழைப்பில் முகம் பார்த்த பிறகு, நீங்கள் கேட்டால் மட்டும். கேட்காமல் வரும் எந்த ஓடிபியையும் யாருக்கும் சொல்லாமல் உங்களுக்குத் தகவல் மட்டும் தர வேண்டும். அப்படி வந்தால் யாரோ உங்கள் கணக்கைத் தட்டிப் பார்க்கிறார்கள் என்று பொருள்.

ஆவணங்களும், அங்கே போன பிறகும்

டிஜிலாக்கருக்குள் நுழையவும் ஓடிபி வேண்டும். அதனால் தேவையான சான்றிதழ்களை இங்கேயே தரவிறக்கிப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து சில இந்திய அரசு இணையதளங்கள் திறக்காமலும் போகலாம். பாதுகாப்புக்காக வெளிநாட்டு இணைய முகவரிகளைத் தடுத்திருப்பார்கள். அதை உடைக்க விபிஎன் போடலாமே என்று யாராவது யோசனை சொன்னால், ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளில் விபிஎன்னைத் தவறாகப் பயன்படுத்துவதற்குக் கடுமையான தண்டனை உண்டு என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். வரி, பிஎஃப் வேலைகளை முடித்துவிட்டுக் கிளம்புவது உத்தமம். வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டு மின்சரிபார்ப்பை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அதற்கு 30 நாள்தான் அவகாசம்; அதற்கும் பெரும்பாலும் ஆதார் ஓடிபிதான்.

கொண்டுபோகிற போனிலும் மடிக்கணினியிலும் எல்லாக் கணக்குகளிலும் ஒருமுறை இங்கேயே உள்நுழைந்துவிடுங்கள். புது நாடு, புதுக் கருவி, புது நெட்வொர்க் மூன்றும் சேர்ந்தால் கூகுளுக்கு நீங்கள் திருடன் போலத் தெரிவீர்கள். பழகிய கருவி என்றால் சந்தேகம் குறையும். விமான நிலைய வைஃபையில் செய்தி படிக்கலாம்; பண விவகாரத்தை வீட்டு இணையத்துக்கோ அந்த நாட்டு சிம்மின் டேட்டாவுக்கோ ஒத்திப்போடுங்கள்.

போன் தொலைந்தால் முதலில் இன்னொரு கருவியில் காப்புக் குறியீட்டைப் போட்டுக் கூகுள் கணக்குக்குள் போய் அந்த போனைப் பூட்டுங்கள். பிறகு வங்கிக்குச் சொல்லுங்கள், அடுத்து சிம்மை முடக்கச் சொல்லுங்கள். வங்கியின் வெளிநாட்டு அழைப்பு எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். இங்குள்ள இலவச எண்கள் பல அங்கிருந்து இணைவதில்லை. பணம் போயிருந்தால் இந்தியாவில் உள்ள உறவினர் மூலம் 1930-க்கு உடனே அழைக்கலாம். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். வேலைக்குப் போனவர்கள் வேறு இக்கட்டில் மாட்டினால் நம் மாநிலத்தின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை இருக்கிறது. ஊரிலுள்ள குடும்பத்தினர் 1800 309 3793 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம்.

கிளம்பும் முன் ஒரு ஒத்திகை

பயணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். வைஃபையை மட்டும் திறங்கள். வைஃபை காலிங் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் குறுஞ்செய்தி அந்த வழியாக வந்து உங்களை ஏமாற்றிவிடும். இப்போது நோட்டை எடுத்து, ஒவ்வொரு கணக்கிலிருந்தும் வெளியேறி மறுபடியும் உள்ளே போய்ப் பாருங்கள். உங்கள் சிம் வெளிநாட்டில் செத்துப்போனால் என்ன நடக்கும் என்பது வீட்டுத் திண்ணையிலேயே தெரிந்துவிடும்.

அத்தை ஐப்பசியில் மறுபடியும் போகிறார். பேரனுக்கு முதல் பிறந்தநாள். போன ஞாயிறு இந்த ஒத்திகையை அவர் வீட்டில் செய்து பார்த்தோம். மின்னஞ்சல் திறந்தது. காப்புக் குறியீட்டையும் ஒன்று போட்டுப் பார்த்து, அந்த எண்ணைப் பேனாவால் அடித்தார், மீதி ஒன்பது. வாட்ஸ்அப் சரி. பிஎஃப் கணக்கில் மட்டும், மாமா ஓய்வு பெறுவதற்கு முன் வைத்திருந்த பழைய எண் இன்னும் அப்படியே இருந்தது. வங்கிக்கு ஓடிபியை மின்னஞ்சலுக்கும் அனுப்பச் சொல்லி எழுதித் தர வேண்டும். இரண்டு வேலைக்கும் திங்கட்கிழமை காலை திருவள்ளூர் பஸ் பிடிப்பதாக முடிவானது. மாமா ஊன்றுகோலோடு தானும் வருவேன் என்றார்.